பார்வையில்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது: மட்டக்களப்பு, அம்பாறைக்கான முழுமையான வழிகாட்டி

ஊரில் ஒரு வீட்டில் கண் தெரியாத பிள்ளை இருக்கிறது, பள்ளிக்கூடம் போகவில்லை, வீட்டில் வசதியில்லை. ஏதாவது செய்யவேண்டும் என்று நினைக்கிற ஆசிரியருக்கும், கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவருக்கும், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்ப ஆயத்தமாக இருக்கும் சொந்தக்காரருக்கும் இதை எழுதுகிறேன்.

புதிதாக இறங்குகிறவர்கள் அநேகமாக முதல் வேலையாக ஒரு லப்டொப் வாங்குவார்கள், இல்லையென்றால் விடுதி தேடுவார்கள். இரண்டும் வரிசையில் பின்னால் வரவேண்டியவை. முதலில் கண், பிறகு பத்திரம், பிறகு வீட்டுப் பழக்கம், அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடம். இந்த வரிசை குழம்பினால் பிள்ளை ஒரு தவணை போய்விட்டு வீட்டுக்குத் திரும்பிவிடும். இரண்டாம் முறை அனுப்ப வீட்டார் லேசில் சம்மதிக்க மாட்டார்கள்.

1. கிளம்புவதற்கு முன்

முதலில் காலத்தைப் பாருங்கள். முதலாம் வகுப்புக்குச் சேர்க்க, அந்த வருடம் ஜனவரி 31 இல் பிள்ளைக்கு 5 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் அதற்கு முந்திய வருடமே கோரப்படும். நமது பக்கத்தில் கார்த்திகை, மார்கழி, தை என்றால் மழையும் வெள்ளமும். படுவான்கரையில் பல வீதிகள் தண்ணீருக்குள் போய்விடும். ஆகவே வைத்தியசாலை, அலுவலக அலைச்சல் எல்லாவற்றையும் பங்குனிக்கும் புரட்டாதிக்கும் இடையில் முடித்துவிட வேண்டும்.

அடுத்தது, அந்தக் கிராமம் எந்தக் கல்வி வலயத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா என்று மட்டக்களப்பிலேயே ஐந்து. அம்பாறை மாவட்டத்தின் தமிழ்பேசும் பகுதிகள் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்களில் வரும். பிரதேச செயலகப் பிரிவும் கல்வி வலயமும் ஒன்றல்ல. பிழையான அலுவலகத்தில் ஒரு காலை முழுக்க நிற்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு பிளாஸ்டிக் கோப்பும் வாங்குங்கள். எல்லாப் பத்திரத்திலும் மூன்று போட்டோ பிரதி வைத்து, அந்தக் கோப்பைத் தாயிடமே கொடுத்துவிடுங்கள். உங்கள் கையில் இருந்தால், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் எல்லாம் நின்றுவிடும்.

2. வீட்டுக்குப் போதல்

தனியாகப் போகாதீர்கள். அந்த வீட்டுக்குத் தெரிந்த ஒருவரோடு போங்கள். கிளினிக் மிஸ்ஸி (குடும்பநல மாது), ஜீ.எஸ். (கிராம சேவகர்), முன்பள்ளி ரீச்சர், யாராவது ஒருவர். முதல் நாள் கமெராவும் வேண்டாம், அரிசி மூட்டையும் வேண்டாம். போட்டோ எடுத்து, நிவாரணம் கொடுத்து, மறுபடி வராமல் போனவர்களை இந்தக் குடும்பங்கள் நிறையப் பார்த்திருக்கின்றன.

பல வீடுகளில் தாய் மத்திய கிழக்கில் இருப்பார், தகப்பன் கூலிக்கோ கடலுக்கோ போயிருப்பார், பிள்ளை அம்மம்மாவோடு அல்லது உம்மம்மாவோடு வளரும். அப்படியென்றால் முடிவெடுப்பவர் அந்தக் கிழவிதான். அவரை விட்டுவிட்டுத் தாயிடம் மட்டும் போனில் சம்மதம் வாங்கினால் காரியம் நடக்காது.

"பிள்ளைக்கு எப்ப இருந்து கண் தெரியா?" என்று தொடங்காதீர்கள். அது அழுகையில் போய் முடியும். "காலையில எழும்பி இவர் தானாக என்னென்ன செய்வார்?" என்று கேளுங்கள். "அவனுக்கு ஒண்டும் ஏலா தம்பி, நான்தான் சோறு தீத்துற" என்று பதில் வந்தால், எங்கே வேலை தொடங்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நேர்த்தி, மந்திரித்தல், கண்ணூறு பற்றிச் சொன்னால் மறுத்துப் பேசவும் வேண்டாம். அது அதுபாட்டில் நடக்கட்டும், கிளினிக்குக்கு ஒரு நாள் குறியுங்கள்.

"பார்வை வந்துவிடும்" என்றோ, "வெளிநாட்டில் ஒப்பரேசன் செய்விப்போம்" என்றோ வாய்தவறியும் சொல்லக்கூடாது.

3. கண் வைத்தியரிடம் முதலில்

"பிறவிக்குருடு" என்று வீட்டில் வைத்திருக்கும் பிள்ளைகளில் சிலருக்குப் பார்வை மிச்சம் இருக்கும். சிலருக்கு வெறும் கண்ணாடியே பெரிய வித்தியாசம் காட்டும். அதைப் பார்க்காமல் பிரெய்ல் (விரலால் தொட்டு வாசிக்கும் புள்ளி எழுத்து) படிப்பிக்கத் தொடங்கினால், பார்க்கக்கூடிய பிள்ளையை நாமே இருட்டில் விடுகிறோம். இலவச கண் கிளினிக் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இருக்கிறது, கல்முனைப் பக்கத்து ஆதார வைத்தியசாலைகளிலும் பார்க்கலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

பிந்தக்கூடாத அறிகுறிகள் சில உண்டு. கைக்குழந்தையின் கண்மணியில் வெள்ளை தெரிந்தால், அல்லது பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் வெள்ளையாக மின்னினால், அந்தக் கிழமையே கொண்டுபோக வேண்டும். பிறவிக் கண்புரையாக இருக்கலாம், உயிருக்கு ஆபத்தான கண் புற்றுநோயாகவும் இருக்கலாம். பிறவிப் புரையை முதல் சில மாதங்களுக்குள் எடுக்காவிட்டால் மூளை பார்க்கப் பழகாது. பிறகு புரையை எடுத்தாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. ஒரு கண் பெரிதாகி, தண்ணீர் வடிந்து, வெளிச்சத்துக்குக் கூசினால் கண் அழுத்தமாக இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். பொழுதுபட்டால் தடுமாறுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் மற்றப் பிள்ளைகளையும் காட்டவேண்டும். அது பரம்பரையாக வரும் விழித்திரை நோயாக இருக்கலாம். சொந்தத்துக்குள் கலியாணம் செய்த குடும்பங்களில் இதை அதிகம் காண்கிறோம்.

வைத்தியரிடம் கேட்டு வாங்கவேண்டிய அறிக்கையில் நான்கு விசயம் இருக்கவேண்டும். நோயின் பெயர், கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணின் பார்வை அளவு, பக்கப்பார்வை எப்படி, இனிக் குறையுமா இப்படியே நிற்குமா. "பார்வையற்றவர்" என்று ஒரு சொல் மட்டும் எழுதிய துண்டு பின்னால் எதற்கும் உதவாது. 6/60 என்றால் மற்றவர் 60 மீற்றரில் காண்பதைப் பிள்ளை 6 மீற்றர் கிட்ட வந்தால்தான் காணும் என்று அர்த்தம். நல்ல கண்ணில் 6/18 ஐ விடக் குறைந்தால் குறைபார்வை, 3/60 ஐ விடக் குறைந்தால் பார்வையின்மை. உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு இது.

4. பத்திரங்கள்

பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளை இன்னும் காண்கிறோம். வீட்டில் பிறந்தவை, இடம்பெயர்ந்த காலத்தில் விடுபட்டவை. மூன்று மாதத்துக்குள் பதியாவிட்டால் காலங்கடந்த பதிவுதான் செய்யவேண்டும். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பம், கூடவே கிளினிக் கொப்பி, ஜீ.எஸ். கடிதம். இதற்கு மாதக்கணக்கில் போகும், ஆகவே பத்திரங்களில் முதலில் இதைத் தொடங்குங்கள். அது வரும்வரை மற்ற வேலைகளை நிறுத்தவேண்டியதில்லை.

அதே பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, மாற்றுத்திறனாளிகள் பதிவில் பிள்ளையின் பெயரைப் போடுவியுங்கள். மாதாந்தக் கொடுப்பனவுக்கும் விண்ணப்பியுங்கள். அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) பட்டியலில் குடும்பம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தாய் வெளிநாட்டில் என்றால் சேர்க்கும் படிவத்தில் யாருடைய கையெழுத்துச் செல்லும் என்பதைச் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

5. வீட்டில் ஆறு மாதம்

ஆட்கள் அதிகம் தாண்டிப் போகும் படி இதுதான். நான் அதிகம் நேரம் செலவழிக்கச் சொல்வதும் இதற்குத்தான். தானாகச் சாப்பிடத் தெரியாத, கக்கூசுக்குத் தனியே போகத் தெரியாத பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடமும் ஒரு கிழமைக்கு மேல் தாங்காது. குற்றம் பிள்ளையின் கண்ணில் விழும், உண்மைக் காரணம் பழக்கமின்மை.

சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். கோப்பையை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். சோறு தன் பக்கம், கறி வலது பக்கம், மீன் இடது பக்கம் என்று ஒரு ஒழுங்கு இருக்கட்டும். மீனில் முள் எடுக்கப் பழக்குவது கடைசிப் பாடம், ஆனால் பழக்கலாம். கொட்டும், சிந்தும். அம்மம்மாவுக்குப் பொறுக்காது. "ஒரு மாதம் மட்டும் கொட்டட்டும்" என்று அவரிடம் தவணை வாங்குங்கள்.

பிறகு நடை. பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, முதுகில் தள்ளவும் கூடாது. பிள்ளை உங்கள் கையைப் பிடிக்கவேண்டும். சின்னப் பிள்ளை மணிக்கட்டை, வளர்ந்தது முழங்கைக்கு மேலே. அரை அடி பின்னால் வரும்போது உங்கள் உடம்பின் அசைவிலிருந்தே படி வருகிறது, திருப்பம் வருகிறது என்று அதற்குத் தெரியும். வீட்டிலிருந்து கிணற்றுக்கும் கக்கூசுக்கும் ஒரு கயிறு கட்டிவிடலாம், பாதை பிடிபட்டதும் அவிழ்த்துவிடுங்கள். கிணற்றுக்குக் கட்டு இல்லையென்றால் முதல் செலவு அதற்குத்தான். வெள்ளைப் பிரம்பை நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் கொடுக்கலாம். நெஞ்செலும்பு அளவு உயரம் போதும், பிள்ளை வளர வளரப் பிரம்பையும் மாற்றவேண்டும்.

மூன்றாவது, விரல். பிரெய்ல் புள்ளிகளை உணர விரல் நுனிக்குப் பழக்கம் வேண்டும். பயறையும் உழுந்தையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். கச்சான் உடைக்க, பூக் கோக்க, பன்பாய் இழைக்கும் வீடு என்றால் பன்னை எடுத்துக் கொடுக்கப் பழக்குங்கள். ஆறு சிரட்டையை மேலிருந்து கீழாக இரண்டு நிரலாக, நிரலுக்கு மூன்றாக வைத்து, இடது பக்கம் மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, வலது பக்கம் நான்கு, ஐந்து, ஆறு என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு சிரட்டையில் புளியங்கொட்டை போட்டு "எது?" என்று கேளுங்கள். பிரெய்ல் எழுத்தின் கட்டம் இதுவேதான்.

சில பிள்ளைகள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும், கண்ணைக் கையால் அமுக்கும். அடித்தால் நிற்காது. கையில் வேலை இல்லாதபோது கூடுகிற பழக்கம் அது, கைக்கு வேலை கொடுத்தால் குறையும்.

6. பிரெய்லா, பெரிய எழுத்தா?

மேலே சொன்ன வைத்திய அறிக்கையைப் பார்த்துத்தான் இதைத் தீர்மானிக்கவேண்டும். பார்வை மிச்சம் இருந்து, அது இனிக் குறையாது என்றால் பெரிய எழுத்து. கறுப்புத் தடிப் பேனை, இடைவெளி கூடிய கோடு, 18 முதல் 24 புள்ளி அளவு எழுத்து, பூதக்கண்ணாடி. புத்தகத்தை மூக்கில் முட்டுமளவுக்குப் பிடித்து வாசித்தாலும் கண் கெடாது. "கிட்டப் பிடியாதே" என்று தட்டிவிடும் ஆசிரியரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

பார்வை போய்க்கொண்டிருக்கும் நோய் என்றால், தெரிகிற காலத்திலேயே பிரெய்லையும் சேர்த்துத் தொடங்குவது நல்லது. முழுதாகப் போனபின் தொடங்கினால் பிள்ளை மனமுடைந்த நிலையில் புது எழுத்துப் படிக்கவேண்டி வரும்.

தமிழ் பிரெய்லில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஒலி வரும் ஒழுங்கில்தான் எழுத்தும் வரும். நாம் "கொ" எழுதும்போது கொம்பை முன்னே போட்டு, க எழுதி, பின்னே அரவு போடுகிறோம். பிரெய்லில் முதலில் க, அடுத்த கட்டத்தில் ஒ. ஆகவே கொம்பு, சுழி, விசிறி என்று சொல்லிப் பிள்ளையைக் குழப்பாதீர்கள்.

வாசிப்பு முதலில், எழுத்து பிறகு. பிரெய்ல் சிலேட்டும் (தாளைப் பிடிக்கும் கட்டம் போட்ட சட்டம்) குத்தூசியும் வைத்து எழுதும்போது தாளின் பின்பக்கத்தில் வலமிருந்து இடமாகக் குத்தவேண்டும், திருப்பினால் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். வாசிப்புப் பிடிபடாத பிள்ளைக்கு இந்தத் தலைகீழ் தலையைச் சுற்றும். ஆறு புள்ளிக்கும் ஆறு விசையுள்ள பெர்க்கின்ஸ் என்ற பிரெய்ல் தட்டச்சு மெசினில் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் விலை மிகக் கூட. ஒரு பிள்ளைக்கு ஒன்று என்று வாங்காமல், பள்ளிக்கூடத்தில் ஒன்று வைத்துப் பலர் பாவிக்கட்டும். வீட்டுக்குச் சிலேட் போதும். பயிற்சிக்குப் பழைய கலண்டர் மட்டை நல்லாக இருக்கும்.

7. எந்தப் பள்ளிக்கூடம்

மூன்று வழி உண்டு: விழிப்புலனற்றோருக்கான விசேட பாடசாலை, விசேட கல்வி அலகு உள்ள அரச பாடசாலை, ஊர்ப் பள்ளிக்கூடம். மட்டக்களப்பில் தரிசனம் விழிப்புலனற்றோர் பாடசாலை இருக்கிறது. வடக்கே கைதடியில் நவீல்ட் பாடசாலையும் சுன்னாகத்தில் வாழ்வகமும் உண்டு.

என் அபிப்பிராயம் இது. முழுதாகப் பார்வையில்லாத பிள்ளை முதல் சில வருடங்கள் விசேட பாடசாலையில் பிரெய்ல், நடை, கணக்குச் சட்டம் (தொட்டுக் கணக்குச் செய்யும் பலகை) எல்லாம் உறுதியாகப் படித்துவிட்டு, பிறகு சாதாரணப் பாடசாலைக்கு மாறுவது நல்லது. குறைபார்வைப் பிள்ளைக்கு ஊர்ப் பள்ளிக்கூடமே போதும். ஐந்து வயதுப் பிள்ளையைத் தூர விடுதியில் விடுவதை நான் விரும்புவதில்லை. ஆனால் பொழுதுபட்டால் யானை இறங்குகிற, நாளைக்கு இரண்டு பஸ் மட்டும் ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு தினமும் கூட்டிக்கொண்டு போ என்று ஒரு தாயிடம் சொல்லவும் முடியாது.

விடுதி என்றால் சேர்க்க முதல் நேரில் போய்ப் பாருங்கள். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனி இடமா, இரவில் பொறுப்பு யார், தாய் எந்த நாளும் போன் எடுக்கலாமா, பிள்ளையின் சமயத்துக்கு ஏற்ற சாப்பாடும் வணக்கமும் நடக்குமா. சிறுவர் இல்லமாக நடத்தினால் நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிந்திருக்கவேண்டும். பிள்ளைக்கு 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தையும், வேண்டாத இடத்தில் யார் தொட்டாலும் சத்தம் போடவும் சொல்லிக்கொடுங்கள். கண் தெரியாத பிள்ளைக்கு ஆளை அடையாளம் காட்டுவது குரல்தான், அதையும் பேசுங்கள்.

"இங்கே வசதியில்லை" என்று திருப்பி அனுப்பினால் சண்டை பிடிக்காதீர்கள். எழுத்தில் தரச் சொல்லுங்கள். அநேகமாக அங்கேயே பேச்சு மாறும். மாறாவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான பணிப்பாளரிடம் போங்கள். 5 வயதிலிருந்து 16 வயதுவரை கல்வி கட்டாயம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பாடசாலையில் பாகுபாடு காட்டவும் முடியாது. வயது பிந்திய பிள்ளைக்கும் இதே உரிமைதான்.

8. முதல் தவணை

பள்ளிக்கூடம் தொடங்க முதல், ஆளில்லாத ஒரு சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிப்போய்ப் படலையிலிருந்து வகுப்புக்கு, வகுப்பிலிருந்து தண்ணீர்ப் பைப்புக்கும் கக்கூசுக்கும் நடத்துங்கள். இரண்டாவது முறை பிள்ளை உங்களை நடத்தட்டும்.

வகுப்பாசிரியரிடம் கேட்கவேண்டிய பெரிய உதவி ஒன்றுதான்: எழுதுவதை வாயால் சொல்லவேண்டும். "இங்க பாருங்க பிள்ளையள், இதையும் இதையும் கூட்டினா இது வரும்" என்றால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் போய்ச்சேராது. "பன்னிரண்டையும் எட்டையும் கூட்டினா இருபது" என்றால் போதும். மற்றப் பிள்ளைகளுக்கும் அது பாடமாகும்.

தகரக் கூரை என்றால் மழைச் சத்தத்தில் பாடம் கேட்காது, முன்வாங்கில் ஆசிரியருக்குப் பக்கத்தில் இருத்துங்கள். குறைபார்வைப் பிள்ளையை யன்னலைப் பார்த்தபடி இருத்தக்கூடாது. வெளிச்சம் கூசும். பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்த பிள்ளைகளுக்குத் தொப்பி போட அதிபரிடம் அனுமதி வாங்குங்கள். வரைபடத்துக்குப் பசையும் நூலும் போதும்: இலங்கையின் கரையை நூலால் ஒட்டி, மட்டக்களப்பு வாவிக்கு மணல் ஒட்டினால் விரல் கண்டுபிடிக்கும்.

துணைக்கு ஒரே பிள்ளையைப் போடாதீர்கள். கிழமைக்கு ஒருவராக மாற்றுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து வீட்டில் இருக்கிறது. தம்பியைக் கூட்டிப்போய்க் கூட்டிவர என்று அக்கா தன் படிப்பை விடுவாள். யாரும் அதை முடிவாக எடுப்பதில்லை, அதுவாகவே நடந்துவிடும். தவணைக்கு ஒருமுறை அக்காவின் வரவையும் பாருங்கள்.

9. போனும் கணினியும்

எழுத்து வாசிக்கத் தெரிந்தபின் கொடுங்கள். கேட்டு மட்டும் வளர்ந்த பிள்ளைக்கு எழுத்துக்கூட்டல் வராது. அன்ரோயிட் போனில் டோக்பேக் என்ற, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் செயலி உள்ளேயே இருக்கிறது, தமிழிலும் பேசும். கணினிக்கு அதே வேலையைச் செய்யும் என்விடிஏ இலவசம்.

ஆனால் ஆசிரியர்கள் அனுப்பும் குறிப்பு பாமினி என்ற பழைய முறைத் தமிழ் எழுத்துருவில் இருந்தால் இந்தச் செயலிகள் அதை ஆங்கில எழுத்தாக எடுத்து உளறும். போட்டோ பிடித்து அனுப்பிய பக்கத்தையும் நேராக வாசிக்காது. யுனிகோடில் தட்டச்சு செய்து தரச் சொல்லுங்கள். பாமினியை யுனிகோடாக மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. கணினி தெரிந்த ஒரு உயர்தர மாணவர் ஊரில் இருந்தால் இந்த வேலையை அவரிடம் ஒப்படைக்கலாம்.

10. காசு எங்கே போகவேண்டும்

பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசு தருகிறது. குடும்பத்தை முறிப்பது பஸ் காசும் தாயின் கூலி நாளும்தான். கிளினிக்குக்கு ஒரு நாள் போனால் அன்றைய கூலி இல்லை. உதவுகிறவர் அந்த நாட்கூலியையும் பயணக் காசையும் மாதாமாதம் தவறாமல் கொடுத்தால், ஒரே தடவையில் வாங்கிக் கொடுக்கும் பெரிய பொருளைவிடப் பிரயோசனம். ஒரு வருடத்துக்கு உறுதியாகக் கொடுக்க முடியாதென்றால் தொடங்கவேண்டாம். கொடுத்தவருக்குக் காட்டவென்று பிள்ளையின் முகத்தையும் ஊரையும் முகநூலில் போடுவதும் வேண்டாம். தவணைப் பரீட்சைப் புள்ளியை அனுப்பினால் போதும்.

11. பரீட்சை

புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் மூன்றுக்கும் விசேட ஏற்பாடு கேட்கலாம்: பிரெய்ல் அல்லது பெரிய எழுத்து வினாத்தாள், மேலதிக நேரம், தேவையானால் எழுத்து உதவியாளர். பரீட்சை விண்ணப்பம் போடும் நேரத்திலேயே வைத்திய அறிக்கையோடு அதிபர் மூலம் பரீட்சைத் திணைக்களத்துக்குக் கேட்கவேண்டும். பரீட்சைக்கு முந்திய கிழமை ஓடித்திரிந்து பலனில்லை. எழுத்து உதவியாளரோடு முன்கூட்டியே சில தாள்கள் செய்து பழகவேண்டும், சொல்லி எழுதுவிப்பது தனிப் பழக்கம்.

பாடத் தெரிவில் ஒன்றைக் கவனியுங்கள். கண் தெரியாதென்றால் சங்கீதம்தான் என்று எல்லாரும் தள்ளுவார்கள். பிள்ளைக்கு விருப்பமென்றால் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. விருப்பமில்லையென்றால் வரலாறு, தமிழ், புவியியல், அரசியல் விஞ்ஞானம் என்று உயர்தரத்தில் கலைப்பிரிவு விரிந்து கிடக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் கிட்டத்தான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்வையற்ற மாணவருக்கு விசேட அனுமதி வைத்திருக்கிறது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும், தானாக வராது. உயர்தரப் பெறுபேறு வந்ததும் அந்த வருடத்து அனுமதிக் கைநூலில் அந்தப் பகுதியை முதல் வேலையாக வாசித்து, முதலாம் படியில் சொன்ன பத்திரக் கோப்பையும் எடுத்துக்கொண்டு அதிபரிடம் போங்கள்.